காட்டுகிற வீடு

என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் நான் மிகவும் பெருமைப்பட்ட ஒரு பக்கம் இருந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளான லயங்களின் கூரைகளைப் பற்றிய பக்கம் அது. கூரைகள் எல்லாம் திருத்தப்பட்டுவிட்டன என்று நிர்வாகத் தரப்பு ஆவணம் ஒன்று சொன்னது. அதை நான் பிரித்து மேய்ந்திருந்தேன். எழுதியவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார், யார் வாசிப்பதற்காக எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்று வகுப்பில் சொல்லித் தந்த கேள்விகளையெல்லாம் அதன் மேல் ஏவிவிட்டு, ‘இவ்வாவணம் பக்கச்சார்பானது’ என்று கோடு கிழித்து முடித்திருந்தேன்.

அதற்கு எதிராக மூன்று அறிக்கைகளை நிறுத்தியிருந்தேன். மூன்றையும் வெவ்வேறு அமைப்புகள் வெவ்வேறு ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தன. மூன்றிலும் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பெண் ஒருத்தி, பெயரும் தோட்டமும் குறிக்கப்படாமல், பேசுகிறாள். முதலாவதில் கணவனோடு கொழுந்து பறிக்கப் போகும் தொழிலாளி. இரண்டாவதில் கணவனை இழந்த தாய். மூன்றாவதில், லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக வசிக்கும் பெண். மூவரும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: மழைக்காலத்தில் நாங்கள் சட்டிகளோடு உறங்குகிறோம்.

ஒருவரையொருவர் அறியாத மூன்று பெண்கள் ஒரே வார்த்தையைச் சொன்னால் அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும் என்று எழுதி, ஆய்வேட்டில் போடக்கூடாத ஆச்சரியக்குறி ஒன்றையும் போட்டிருந்தேன்.

என் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா நிர்வாகத்திட்டக் கேட்ட கேள்வியில ஒண்டையாவது நீர் இந்த மூண்டிட்டயும் கேட்கேல்லையே. ஏன்?”

“இதுங்க நம்ம சனம் சொன்னது மேடம்.”

“அது சரி. சொன்னது ஆர்? எந்தத் தோட்டம்? மூண்டும் மூண்டு பேரோ, இல்லாட்டி ஒரே ஆளோ?”

எனக்குக் கோபம் வந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். கெம்பஸ் என்று நாங்கள் சொல்லும் பல்கலைக்கழக வாசலை மிதித்தவனும் நான்தான். அதனால் எங்கள் சனத்துக்காகப் பேசும் உரிமை எனக்கு மட்டுமே உண்டு என்று ஒரு எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. அந்த எண்ணத்தோடுதான் விடுமுறைக்கு ரயிலேறினேன்.

நாவலப்பிட்டி தாண்டி ரயில் மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருக்கும்போது, பொழுது போகாமல் மூன்றாவது அறிக்கையைத் திரும்ப எடுத்தேன். அதில் ஒரு படம் உண்டு. பெண்ணின் முகம் தெரியாது. கழுத்துக்குக் கீழே மட்டும். கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பேசன், தண்ணீர் பிடிக்கிற அகலப் பாத்திரம். இதற்கு முன் எத்தனையோ முறை பார்த்த படம்தான். அன்றைக்குத்தான் பேசனின் விளிம்பைப் பார்த்தேன். ஒரு பக்கம் அடுப்பில் பட்டு உருகி, பிளந்து, அந்தப் பிளவைக் கம்பியால் தைத்திருந்தது. குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கோணலாக.

அந்தக் கம்பியைத் தைத்தது என் அப்பா. பேசன் பக்கத்து வீட்டுச் சின்னம்மாவுடையது. சொந்தச் சின்னம்மா இல்லை. லயத்தில் சுவர் ஒன்றாக இருந்தால் உறவும் வந்துவிடும்.

கொட்டகலையில் இறங்கும்வரை மற்ற இரண்டு அறிக்கைகளையும் மாறி மாறிப் புரட்டினேன். கணவனோடு வேலைக்குப் போகும் பெண், கணவனை இழந்த பெண், தனியாக வசிக்கும் பெண். முதல் அறிக்கைக்கும் இரண்டாவதற்கும் இடையில் சின்னப்பா செத்துப்போனார். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் சின்னம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவள், கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போனாள். ஒரு மனுஷியின் வாழ்க்கை நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. நான் அவளை மூன்று பேராக எண்ணியிருக்கிறேன்.

சின்னப்பாவின் பாடையை நானும் தூக்கினேன். அப்படியும் எனக்குத் தெரியவில்லை.

*

வீட்டுக்குப் போகும் வழியில் பழைய பிள்ளைக் காம்பராவைத் தாண்ட வேண்டும். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம். இப்போது சாமான் அறை. வாசலில் எங்கள் தோட்டத் தலைவர் நின்றார். தொழிற்சங்கத்துக்குத் தலைவர்; கோயில் திருவிழாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வரை எல்லாவற்றுக்கும் அவர்தான். இரண்டு மூன்று இளைஞர்கள் கூட நின்றார்கள்.

“வாங்க ப்ரொபசர்! எப்ப வந்தீங்க? எங்களயெல்லாம் அடையாளம் தெரியுதா?”

சிரித்துவிட்டு உள்ளே பார்த்தேன். புதுத் தகரங்கள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

“மிச்ச வரிசைங்களுக்கும் தகரம் வந்திருச்சா தலைவரே?”

“வந்து, எல்லாருக்கும் குடுத்தும் ஆச்சி. இது கோடி வீட்டுது. இருக்கட்டும், அவசரமில்ல.”

கோடி வீடு என்றால் லயத்தின் கடைசி வீடு, சின்னம்மாவின் வீடு.

“மழை வரப்போவுதே.”

“வரட்டுமே. ஆனி முடியறதுக்குள்ள கொழும்புல இருந்து ஒரு டீம் வருது. பாலர் பள்ளிக்கூடம் கட்டித்தர்ற யோசனையில இருக்காங்க. மழையோட வந்து பாத்தாத்தான் அவங்களுக்கு வெளங்கும். நீயும் நில்லு, இங்கிலீசு பேச ஆள் வேணும்.”

“அதுவரைக்கும் சின்னம்மா…”

“இங்க பாரு.” அவர் குரலைத் தாழ்த்தவில்லை, ஒளிக்க அவரிடம் ஒன்றுமில்லை. “எந்த டீம் வந்தாலும் மொதல்ல என்னா கேக்குறாங்க? ஒரு வீட்டுக்குள்ள போய்ப் பாக்கலாமான்னுதானே? ஒன் வீட்டக் காட்டவா? சோபா, டீவி, புதுக் கூரை. நல்லாத்தானே இருக்காங்கன்னு ஜீப்புல ஏறிப் போயிருவாங்க. அந்தக் கோடி வீட்டக் காட்டித்தான் தண்ணித் தாங்கி வந்திச்சி. கக்கூசு வந்திச்சி. ஒங்க வரிசைக்கே தகரம் அப்பிடித்தான் வந்திச்சி. அந்தக் கூரையையும் மூடிட்டா அடுத்த வாட்டி எதக் காட்டுறது, இவன் மூஞ்சியவா?”

பக்கத்தில் நின்றவனின் கன்னத்தில் செல்லமாகத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“ஒங்க படிப்புல சாம்பிள்னு ஒன்னு சொல்லுவீங்கள்ல? அதான். அது நம்ம சாம்பிள் வீடு.”

ஆய்வு முறைகள் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. ஒரு கூரையை ஒழுகவிட்டு மற்றக் கூரைகளைக் காப்பாற்றுவது. அவர் கெட்ட மனிதர் இல்லை. கொண்டுவந்தது எதையும் தன் வீட்டுக்கு மட்டும் எடுத்துப்போனவரும் இல்லை. அதனால்தான் அவரோடு சண்டை போட எனக்கு வழி கிடைக்கவில்லை. அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

*

மறுநாள் பின்னேரம், பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். பேச்சைப் பதிவு செய்ய வேண்டும் என்றதும் அவர் தலைத்துண்டை அவிழ்த்தபடியே எழுந்தார்.

“இருப்பா, பேசன எடுத்துட்டு வாறேன்.”

“இன்னிக்கு மழை இல்லையே சின்னம்மா.”

“போட்டோவுக்குத்தான். சேலைய மாத்திக்கவா? பழசு ஒன்னு வச்சிருக்கேன். அது கட்டுனாத்தான் நல்லா இருக்குன்னு போன வாட்டி வந்தவங்க சொன்னாங்க.” சன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். “அழுவணுமா? இப்பவே சொல்லிரு. போன தடவ வந்த புள்ள, நான் அவுக செத்ததச் சொல்லி அழுவுறப்ப மெசின் நின்னு போச்சி, திருப்பி ஒருக்கா சொல்லுங்கன்னிச்சி. ரெண்டாவது வாட்டி எனக்குச் சிரிப்பு வந்திருச்சி.”

“அதெல்லாம் வேணாம் சின்னம்மா. நெசத்தச் சொல்லுங்க, போதும்.”

“நெசந்தான் சொல்றேன். என்னா, ஒழுகுறது பொய்யா?”

அண்ணாந்து பார்த்தேன். தகரத்தின் ஆணி ஓட்டைகளில் வானம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. ஒழுகுவது பொய்யில்லை.

ஃபோனை வைத்ததும், யாரோ பொத்தானை அழுத்தியதுபோல் அவர் குரல் மாறியது. “மழை வந்தா நாங்க சட்டியோடதான் தூங்குறோம்.”

“சட்டியா? நீங்க பேசன்தானே வைப்பீங்க?”

“நீதானேப்பா அப்பிடிச் சொன்னே.”

“நானா?”

“மொத மொத வந்தாங்களே ஒரு வெள்ளக்காரம்மா, அவங்களுக்கு நீதானே இங்கிலீசுல சொன்னே. அந்தம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சே. தம்பி சொன்னது நல்லா இருந்திச்சி, இனிமே அதையே சொல்லுன்னு தலைவரு சொன்னாரு. நானும் அதையே சொல்றேன். நல்லாத்தானே இருக்கு?”

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. வந்தவர்களிடம் ஆங்கிலம் பேச தோட்டத்தில் வேறு ஆள் இல்லை. அன்று சின்னம்மா சொன்னது, “மழை வந்தா தூக்கம் ஏது, பேசன எடுத்து எடுத்து ஊத்தவே சரியா இருக்கும்” என்பதுதான். ‘எடுத்து எடுத்து ஊத்துவதற்கு’ என்னிடம் ஆங்கிலம் இல்லை. பேசன் என்பதே ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்றும் எனக்குத் தெரியாது. தெரிந்த சொற்களை வைத்து ஒன்றைக் கட்டினேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து உடனே எழுதிக்கொண்டார். அன்றிரவு முழுக்க அந்த வாக்கியத்தை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருப்பேன். இரண்டாவது குழு வந்தபோது, சின்னம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே அதைச் சொன்னேன். மூன்றாவது குழு வந்தபோது நான் கெம்பஸில் இருந்தேன். அப்போது நான் தேவைப்படவில்லை. என் வாக்கியம் அவர் வாயில் இருந்தது. பிறகு அச்சில் பார்த்தபோது, என் தட்டுத்தடுமாறிய ஆங்கிலம் அவர்கள் திருத்திய நடையில் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மூன்று சாட்சிகள் ஒன்றாகக் குறைந்தது ரயிலில். அந்த ஒன்றும் என் சொந்தக் குரல் என்று தெரிந்தது அந்தக் காம்பராவில். ஆச்சரியக்குறி போட்டு நான் மேற்கோள் காட்டியது என்னைத்தான்.

சின்னம்மா அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது.

“தம்பி, தலைவருகிட்ட ஒரு வார்த்த சொல்லேன். நீ சொன்னா கேப்பாரு. அக்காவப் பொண்ணு பாக்க நானுஓயாப் பக்கத்துல இருந்து வர்றாங்க. பையன் நுவரெலியாவுல மரக்கறிக் கடையில இருக்கான். ஆடி பொறந்தா வரமாட்டாங்க. இந்த ஞாயித்துக்கெழமயே வர்றதாச் சொல்லியிருக்காங்க. அவ வரவே மாட்டேன்னு நின்னா. கூரை போட்டாச்சின்னு பொய் சொல்லித்தான் வரச்சொல்லியிருக்கேன்.”

“ஏன் வரமாட்டேன்னாங்க?”

“அந்தப் போட்டோதான். பேஸ்புக்ல சுத்திக்கிட்டு இருந்திருக்கு. கடையில கூட வேல செய்யற புள்ள ஒன்னு காட்டி, இது ஒங்க ஊருப் பக்கமாடின்னு கேட்டிருக்கு. இவ தெரியாதுன்னு சொல்லிட்டாளாம். அம்மாவத் தெரியாதுன்னு சொல்ல வச்சிட்டியேன்னு ஃபோன்ல ஒரே அழுக.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வாயிலிருந்து வந்தது என்ன என்பதை எழுதத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

“சொல்றேன் சின்னம்மா. ஒரு மழை மட்டும் வரட்டும். ஒழுகுறத நான் நேரா வீடியோ எடுத்துக்கிறேன். அப்பறம் சொல்றேன்.”

விரிவுரையாளர் முன்னால் என் மூன்று சாட்சிகளும் விழுந்துவிடப் போகின்றன. ஆனால் கூரை ஒழுகுவது உண்மை. அதை நானே கண்ணால் கண்டு பதிவு செய்துகொண்டு போனால் யாருடைய வாக்கியமும் எனக்குத் தேவையில்லை. நேரடி அவதானிப்பு என்று பாடத்தில் படித்திருந்தேன். எல்லா ஆதாரத்திலும் அதுதான் பலமானது என்று குறித்தும் வைத்திருந்தேன். அது பலமாக இருக்க ஒரு கூரை இன்னும் சில நாள் ஒழுக வேண்டும் என்பதைத்தான், தலைவரைப் போலவே, நானும் கேட்டேன். அவர் பள்ளிக்கூடத்துக்காகக் கேட்டார்.

சின்னம்மா “சரிப்பா” என்று பேசனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

*

அந்த வாரம் மழை வரவில்லை. காலையில் பனி, மத்தியானம் வெயில். சந்திக்கும்போதெல்லாம் சின்னம்மா வானத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். வெள்ளிக்கிழமையாவது நான் தலைவரிடம் போயிருக்கலாம். போகவில்லை. சனிக்கிழமை அக்கா கொழும்பிலிருந்து வந்தாள். பையைக் கீழே வைக்காமலே அண்ணாந்து பார்த்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு அவள் குரல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழிந்து மழை பிடித்தது.

நான் ஃபோனை எடுத்துக்கொண்டு ஓடினேன். உண்மையில் ஓடினேன். சின்னம்மாவும் அக்காவும் பேசன், வாளி, ரைஸ் குக்கர் சட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் உட்காரக் கடன் வாங்கிப் போட்டிருந்த கதிரைகளை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நின்று வீடியோ எடுத்தேன். சொட்டு விழும் இடத்தை அண்மையில் எடுத்தேன். கூரையை எடுத்தேன். அக்கா பேசனைத் தூக்கி வாசலில் ஊற்றுவதை எடுத்தேன். ஊற்றி நிமிர்ந்தவள் என் கையைப் பார்த்தாள்.

“இதையும் எடுக்குறியாடா நீ?”

பதில் சொல்வதற்குள், நனைந்த குடைகளோடு வாசலில் ஆட்கள். மாப்பிள்ளையின் அம்மா, மாமா, தங்கச்சி. மாப்பிள்ளை பின்னால், சப்பாத்தில் சேறோடு. நான் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்து, ஒரு கதிரையைத் தானே இழுத்து, சொட்டு விழாத இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கை பழகிய கை. “எங்க வீட்லயும் இப்பிடித்தான் இருந்திச்சி. போன வருசந்தான் மாத்துனோம்” என்றார். சின்னம்மாவுக்கு மூச்சு வந்தது. அக்கா சாயத்தண்ணி, பால் விடாத தேநீர், கொண்டுவந்தாள். எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது. அப்போது தங்கச்சிக்காரியின் கண் மூலையில் இருந்த சிவப்புப் பேசனில் விழுந்தது.

“அம்மா, இது அந்தப் போட்டோல வந்த வீடும்மா. கம்பி போட்ட பேசன். பேஸ்புக்ல காட்டினேனே.”

சின்னம்மா பேசனைக் காலால் சுவரோரம் தள்ளினார்.

மாப்பிள்ளையின் அம்மா பேசனைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார். “நீங்கதானா அது? சட்டியோட தூங்குறோம்னு சொன்னது?” கோபமாகக் கேட்கவில்லை; சங்கடமாகச் சிரித்தபடி கேட்டார். “ஒழுகாத லயம் எங்க இருக்கு. அதுக்காக ஊரு ஒலகத்துக்கெல்லாம் இப்பிடியா சொல்லுவாங்க?”

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“அது சின்னம்மா சொன்னதில்லங்க” என்றேன். “நான் சொன்னது.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“நீங்க யாரு தம்பி?”

“பக்கத்து வீடு. கெம்பஸ்ல படிக்கிறேன். வந்தவங்களுக்கு நான்தான் இங்கிலீசுல சொன்னேன். இவங்க சொன்னது வேற.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையில் இருந்த ஃபோனையும் பார்த்தார். “அப்ப நீங்க எப்பிடித் தூங்குறீங்க தம்பி? நீங்களும் சட்டியோடதானா?”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அது சிரிக்க வேண்டிய கேள்விதான்.

“இல்லங்க. எங்க வீட்டுக்குத் தகரம் போட்டாச்சி.”

“எப்ப?”

“அந்த மொத டீம் வந்துட்டுப் போனதுக்கு அப்பறம்.”

சொல்லும்போதுதான் எனக்கே அது முழுதாகக் கேட்டது. நிர்வாகத்து ஆவணத்தை எழுதியவனுக்கு அதனால் என்ன லாபம் என்று ஒரு பக்கத்துக்குக் கேட்டிருந்தேன். அந்த வாக்கியத்தைச் சொன்னவனுக்கு என்ன லாபம் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் காம்பராவில் சொட்டு நின்றது அந்த வாக்கியத்தால். சின்னம்மாவின் காம்பராவில் நிற்காததும் அதே வாக்கியத்தால்.

“நல்ல படிப்பு” என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் சாயத்தண்ணியைக் குடித்தார். போகும்போது, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் நின்று நிரம்பியிருந்த வாளி ஒன்றை எடுத்து ஊற்றிவிட்டுப் போனான்.

*

திங்கட்கிழமை விடிந்ததும், பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதற்கு முன்பே, தலைவரைப் பிடித்தேன். நேற்று நடந்தது அவருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தோட்டத்தில் யாரும் இல்லை.

“கோடி வீட்டுத் தகரத்த எடுக்கணும் தலைவரே.”

“டீம் வந்துட்டுப் போகட்டும்னு…”

“இல்லாட்டி நான் இங்கிலீசு பேச நிக்கமாட்டேன்.”

என்னிடம் இருந்த ஒரே செல்லாக்காசு அது. ஆனால் அவரிடம் செல்லும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. போன வாரமும் தெரியும். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. அவர் வெகுநேரம் யோசிக்கவும் இல்லை. “அதுக்கென்ன இப்ப, எடுத்துக்க. நீ ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?” என்றார். அது உண்மையா, சும்மா சொன்னதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. உண்மையாக இருந்தால் எனக்கு இன்னும் மோசம்.

வேலை முடிந்து வந்த ஆட்களும் நானும் சேர்ந்து பின்னேரத்துக்குள் தகரத்தைப் போட்டோம். மேலே ஏற எனக்குப் பழக்கமில்லை. கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன். “ப்ரொபசர், ஆணிய எண்ணாம குடுங்க” என்று மேலிருந்து ஒருவன் கத்தினான். அக்கா அன்று காலையே கொழும்பு பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். அவள் அம்மாவின் கூரையை மூடியதை அவள் பார்க்கவில்லை.

அந்த வீடியோவை அழித்துவிட்டேன். பிறகு அழித்தது சரியா என்றும் சந்தேகம் வந்தது. ஆதாரத்தை அழிக்கலாமா? கூரை ஒழுகியது என்னவோ உண்மை. ஆனால் அதில் அக்காவின் முகம் இருந்தது. என்னைப் பார்த்த பார்வையும் இருந்தது.

இரண்டாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். மூன்று அறிக்கைகளும் ஒரே தோட்டத்தின் ஒரே வீட்டைப் பற்றியவை என்று எழுதினேன். மேற்கோள் வாக்கியம் சொன்னவருடையது அல்ல, மொழிபெயர்த்தவருடையது என்று எழுதினேன். மொழிபெயர்த்தவர் இந்த ஆய்வாளர். அவரது குடும்பம் அந்த அறிக்கையின் விளைவாகக் கூரை பெற்றது என்ற வரியில் பல நாள் நின்றேன். எழுதுவதும் அழிப்பதுமாக. நிர்வாகத்துக்கு இது தோதாகிவிடாதா? பார், எல்லாம் கட்டிய கதை என்று சொல்லிவிடமாட்டார்களா? ஒழுகியது கதை இல்லையே. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்: வாக்கியம் என்னுடையது, ஓட்டைகள் கூரையுடையவை. பழைய பக்கத்தின் மிடுக்கு அதில் இல்லை. விரிவுரையாளர் வாசித்துவிட்டு, ஆச்சரியக்குறியைக் காணேல்லை என்று மட்டும் சொன்னார்.

நானுஓயாக்காரர்கள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். ஆவணியில் பரிசம். அக்கா என்னோடு இன்னும் பேசவில்லை. சின்னம்மா மூலமாக ஒரு செய்தி மட்டும் வந்தது: “அவன் கல்யாணத்துக்கு வரட்டும். ஃபோன வீட்ல வச்சிட்டு வரச்சொல்லுங்க.”

டீம் வந்தது, சொன்னபடி ஆனி முடிவதற்குள். நல்ல மழை. தலைவர், பழக்கம் விடாமல், அவர்களை நேரே கோடி வீட்டுக்குத்தான் கூட்டிவந்தார். புதுத் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. குறிப்புப் புத்தகத்தோடு இருந்த பெண், புதுக் கூரைக்குக் கீழே இந்த அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

சின்னம்மா என்னைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிற பார்வை. நான் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

“சத்தந்தான் தாங்கல” என்றார் சின்னம்மா. “முந்தி தண்ணி ஊத்தித் தூங்கல. இப்ப சத்தத்துல தூங்கல.”

தலைவர் என் பக்கம் திரும்பி, தலையை லேசாக ஆட்டினார். எனக்குத் தெரியும், அவருக்கு வேறொன்று வேண்டும். எனக்கும் நாக்கு நுனியில் வேறொன்று வந்தது, அழகான ஒன்று. இப்போது என்னிடம் ஆங்கிலம் நிறையவே இருக்கிறது. அதை விழுங்கிவிட்டு, சின்னம்மா சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன்.

அந்தப் பெண்ணின் பேனா காகிதத்தில் படவில்லை. பிறகு, இந்த அம்மா வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்.